துரைக்கு மூச்சு வாங்குகிறது

ஊற்றுகிறேன், ஊற்றிக்கொண்டுதான் இருக்கிறேன், குளியலறை மக்கில் மொண்டு, கையைத் தலைக்கு மேலே தூக்கி, அதே தொட்டிக்குள் அதே தண்ணீரை ஊற்றுகிறேன், இதைவிடப் பைத்தியக்கார வேலை உலகத்தில் உண்டா, இருந்தால் அதையும் என் தலையில்தான் கட்டியிருப்பார்கள். நாளைக்குக் காலையில் அந்த மனுஷனுக்கு நெஞ்சைத் திறந்து பைபாஸ். கட்டின பெண்டாட்டி எங்கே இருக்கவேண்டும்? ஆஸ்பத்திரியில், கட்டில் பக்கத்தில், ஸ்டூலில் உட்கார்ந்திருக்கவேண்டும். நான் எங்கே இருக்கிறேன்? வில்லிவாக்கத்தில், இரண்டாவது மாடியில், சாப்பாட்டு மேசை நாற்காலியின் மேல் ஏறி நின்றுகொண்டு ஒரு மீனுக்குக் காற்று ஊட்டிக்கொண்டிருக்கிறேன். "கூட ஒருத்தர்தான் இருக்கலாமாம், ஹேமா இருக்கட்டும், நீ வீட்டுக்குப் போயி துரையப் பாத்துக்க" என்றார். பெற்ற மகள் கூட இருக்கட்டுமாம், பெண்டாட்டி மீனைப் பார்த்துக்கொள்ளட்டுமாம். துரையாம் துரை. ஆறடித் தொட்டியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அவசரமே இல்லாமல் போய்வரும், எதிரில் எது வந்தாலும் ஒதுங்காது, ஆபீசர் ரவுண்டு வருகிறமாதிரி இருக்கிறது என்று இவர் வைத்த பேர். அரோவானா என்று கடைக்காரன் சொன்னான், அந்தப் பேர் என் வாயில் நுழைவதற்குள் இது ஒரு முழம் வளர்ந்துவிட்டது. இப்போது இரண்டடி. உடம்பு முழுக்க வெள்ளிச் செதில், முகவாயில் இரண்டு மீசை, கண்ணில் ஒரு அலட்சியம். அந்த அலட்சியம்தான் இப்போது இல்லை. மேலே வந்து, மூலையில் மூக்கை வைத்துக்கொண்டு, வாயை அகலமாகத் திறந்து திறந்து மூடுகிறது. செவுள் விரிந்து உள்ளே சிவப்பு தெரிகிறது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கும் மூச்சு வாங்குகிறது. எனக்கென்ன வந்தது, நான் வாங்கினேனா இதை.

காற்று மோட்டார் ஓடவில்லை என்றால் சரி என்று விடலாம். ஓடுகிறது. கரண்டு இருக்கிறது, குமிழி கொத்துக்கொத்தாக வருகிறது, குழாயில் ஓட்டை இல்லை, குமிழி விடுகிற கல்லில் அடைப்பு இல்லை. ஒரு மோட்டார் போதாதோ என்று ஹேமாவுக்குப் போன் போட்டேன், அவள் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடியே செல்போனில் எதையோ தேடிப் பார்த்துவிட்டு, "அம்மா, ஆக்சிஜன் கம்மியாயிருக்கும், அப்பா ஸ்பேர் மோட்டார் ஒண்ணு வெச்சிருப்பாரே, அதையும் சேத்துப் போடு" என்றாள். போட்டேன். இப்போது பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மோட்டார், இரண்டு மடங்கு இரைச்சல், இரண்டு மடங்கு குமிழி, தொட்டி முழுக்க உலை கொதிக்கிறது, துரைக்கு மட்டும் இன்னும் மோசம். முன்னே அரை நிமிஷத்துக்கு ஒருமுறை வாயைத் திறந்ததோ என்னமோ, இப்போது மூடவே மாட்டேன் என்கிறது. ஆறடி நீளத்துக்குத் தண்ணீர், அதற்குள் இத்தனை காற்று, அதற்கு மேலும் இந்த மீனுக்கு மூச்சுக்குப் பஞ்சம் என்றால் நான் என்னதான் செய்வது. இவர் சொல்வார், தினம் சொல்வார், குழம்பைக் கிளறிக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்று சொல்வார், "காத்து குமிழிக்குள்ளேருந்து தண்ணிக்குள்ள போறதில்ல சுகுணா, தண்ணியோட மேல்பக்கம் இருக்கு பாரு, அது அசையணும், அது வழியாத்தான் மூச்சு." நான் உம் கொட்டுவேன். உம் கொட்டியதில் பாதிதான் ஞாபகம் இருக்கிறது. போன டிசம்பர் மழையில் ராத்திரி பகல் கரண்டு இல்லாதபோது இவர் இந்த மாதிரித்தான் நாற்காலி போட்டு ஏறி நின்று மொண்டு மொண்டு ஊற்றினார், நான் கீழே நின்று "இதுக்கு பதிலா எனக்கு ஒரு குடம் தண்ணி மேல கொண்டாந்திருக்கலாம்" என்றேன். அதனால் மேல்பக்கம் அசையட்டும் என்று ஊற்றுகிறேன். அசைகிறது. தண்ணீர் அசைகிறது, கை அசைகிறது, நாற்காலி அசைகிறது, தோள்பட்டை கழன்று விழப்போகிறது. துரை மட்டும் கீழே போகமாட்டேன் என்கிறது.

இடமாவது வசதியாக இருக்கிறதா. ஹாலில் வடகிழக்கு மூலை. ஈசானிய மூலையில்தான் சாமி இருக்கவேண்டும் என்று நான் வீடு வாங்கின அன்றைக்கே சாமி அலமாரியை அங்கே மாட்டினேன். ஈசானிய மூலையில்தான் தண்ணீர் இருக்கவேண்டும் என்று தொட்டி செய்து கொடுத்தவன் சொல்லிவிட்டான். இவருக்கு வாஸ்துவும் கிடையாது, சாமியும் கிடையாது, ஆனால் அந்த மூலையில் வெயில் படாது, பாசி பிடிக்காது, ஆகவே அன்றைக்கு மட்டும் வாஸ்துவில் நம்பிக்கை வந்துவிட்டது. வீட்டுக்கு ஈசானிய மூலை ஒன்றுதானே இருக்கிறது, இரண்டா இருக்கிறது? ஒரு மாசம் பேச்சுவார்த்தை நின்றுபோய், கடைசியில் முருகனும் துரையும் பக்கத்துப் பக்கத்தில். முருகன் படத்துக்கு வலது கைப்பக்கம் மோட்டாருக்கு ஒரு பலகை. மோட்டார் தண்ணீரைவிட உயரத்தில் இருந்தால்தான் கரண்டு போகும்போது தண்ணீர் குழாய் வழியே ஏறி வராதாம், அதனால் அது தெய்வத்துக்குச் சமமாக மேலே உட்கார்ந்துகொண்டு உர்ரென்று உறுமும். நான் விளக்கேற்றி ஒரு ஸ்லோகம் சொன்னால் அது கூடவே சொல்லும். இன்றைக்கு வெள்ளிக்கிழமை, விளக்கேற்றினேன், நாளைக்கு ஆபரேஷன் என்று ஒரு கை கூடவே சாம்பிராணி போட்டேன், கொட்டாங்கச்சிக் கரி நன்றாகப் பிடித்திருந்தது, கொஞ்சம் குங்கிலியமும் தூவினேன், வீடு முழுக்கத் தூபம் காட்டினேன், முருகா, அந்த மனுஷன் உன்னை நம்பாவிட்டாலும் நான் நம்புகிறேனே, இரண்டு பேருக்கும் சேர்த்து என் கணக்கில் வைத்துக்கொள் என்றேன். கும்பிட்டுத் திரும்பினால் துரை வாயைப் பிளந்துகொண்டு மேலே.

போன் அடிக்கிறது. இடுப்பில் செருகி வைத்திருக்கிறேன், ஈரக்கையால் எடுத்தால் திரை நகரமாட்டேன் என்கிறது, தோளில் துடைத்து எடுக்கிறேன். இவர்தான். "என்ன பண்ற?" "சும்மாதான் இருக்கேன்." கையில் மக், மக்கிலிருந்து சொட்டுகிறது. "துரை சாப்பிட்டானா?" எடுத்த எடுப்பில் அதுதான். சாப்பிட்டாயா என்று என்னைக் கேட்கவில்லை. "சாப்பிட்டான், சாப்பிட்டான், மகராசனா இருக்கான்" என்கிறேன். மனசு நோகும்படி எதையும் சொல்லாதீர்கள், பி.பி. ஏறினால் காலையில் தியேட்டருக்குள் எடுக்கமாட்டோம் என்று டாக்டர் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். "மார்ல முடியெல்லாம் எடுத்துட்டாங்க. குளுகுளுன்னு இருக்கு" என்கிறார். சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. எனக்கு அந்த மார்பு கண்ணில் வருகிறது, ஒர்க்ஷாப்பில் வெல்டிங் பொறி தெறித்துத் தெறித்துப் புள்ளி புள்ளியாக வடு, அந்தப் புள்ளிகளுக்கு நடுவில் நாளைக்குக் கோடு போடுவார்களா, மேலிருந்து கீழே, எதனால், ரம்பம் மாதிரி ஒன்று வைத்திருப்பார்களாமே, யார் சொன்னது, யாரும் சொல்லவில்லை, நானே எங்கேயோ படித்தேன், படித்திருக்கக்கூடாது. "என்ன சத்தம்? தண்ணி சத்தம்?" "பாத்திரம் கழுவறேன்." "இந்நேரத்துக்கா?" "ஏன், உங்ககிட்ட கேட்டுட்டுத்தான் கழுவணுமா?" என்றேன். என் குரல் சரியாகத்தான் இருந்தது. "சரி சரி, வெச்சுடறேன், நர்ஸ் வருது" என்று வைத்துவிட்டார். எத்தனை பொய். கட்டிக்கொண்டது முதல் இந்த மனுஷனிடம் உப்பு விலையில்கூடப் பொய் சொன்னதில்லை, ஒரு மீனுக்காக வாய் கூசாமல் சொல்கிறேன்.

மறுபடியும் ஏறு, மொள்ளு, ஊற்று. இந்தத் தொட்டிதான் அவரைப் படுக்க வைத்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் எனக்குத் தெரியும். வாரா வாரம் தண்ணீர் மாற்றவேண்டும், குழாய்த் தண்ணீரை அப்படியே விடக்கூடாது, மருந்து வாடை போகவேண்டும் என்று பால்கனி டிரம்மில் பிடித்து வைத்து, மறுநாள் பக்கெட் பக்கெட்டாகத் தூக்கிக்கொண்டு வருவார். அன்றைக்கும் பக்கெட்டோடு வந்தார், ஹால் நடுவில் நின்றார், பக்கெட்டை மெதுவாகக் கீழே வைத்தார், ஒரு சொட்டுச் சிந்தவில்லை, வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தார். "வாயு" என்றார். நான் இஞ்சி தட்டப் போனேன். இஞ்சி தட்டிக்கொண்டிருந்தேன், அந்த நேரத்தில் உள்ளே என்ன நடந்துகொண்டிருந்ததோ, நான் இஞ்சி தட்டிக்கொண்டிருந்தேன். வியர்வையைப் பார்த்துவிட்டு ஹேமாதான் ஆட்டோ கூப்பிட்டாள். ஆட்டோவில் ஏறும்போது இவர் திரும்பி, "அந்தப் பக்கெட்டத் தொட்டில ஊத்திடு, மெதுவா ஊத்து" என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து, எனக்கு இருந்த ஆத்திரத்தில் அந்தப் பக்கெட் தண்ணீரைத் துவைக்கிற கல்லில் கொட்டினேன். கொட்டிவிட்டு அழுதேன். மக்கில் இப்போது தண்ணீர் நுரைத்து வருகிறதே, முன்னே இப்படி இருந்ததா. மேலே எண்ணெய் மாதிரி ஏதோ மின்னுகிறது, விளக்கு வெளிச்சமா, என்ன எழவோ. கை வலிக்கிறது. அவருக்கு எந்தக் கை வலித்தது, இடது, நான் ஊற்றுவது வலது, சரி, பயமில்லை, எனக்கு ஒன்றும் வரக்கூடாது, எனக்கும் வந்துவிட்டால் ஹேமா எத்தனை ஆஸ்பத்திரிக்கு அலைவாள்.

காலிங் பெல். எதிர் வீட்டுக் குணவதி. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு நேராக வருகிறாள், கையில் இலை மடிப்பில் திருநீறு. "அண்ணன் பேருக்கு அர்ச்சனை பண்ணேன்க்கா, காலைல போறப்ப நெத்தியில வெச்சு வுடுங்க" என்றாள். நல்ல மனசுதான், குறை சொல்லக்கூடாது. அப்புறம் என் புடவை நனைந்திருப்பதைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள். பக்கத்தில் போய்க் குனிந்து துரையைப் பார்த்துவிட்டு, திரும்பி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. ஏன் இப்படி உசுர விட்டு ஊத்திக்கிட்டிருக்கீங்க? இது வாஸ்து மீன்க்கா. வீட்டு ஆம்பளைக்கு வர்ற கண்டத்த இது வாங்கிக்கும். எங்க ஓரகத்தி வீட்ல இதேமாதிரி, மாமாக்கு ஆக்சிடென்ட்டு ஆன அன்னைக்கு மீன் செத்து மெதந்துச்சு, அவுரு பொழைச்சுக்கிட்டாரு. நாளைக்கு ஆபரேசன், இன்னைக்கு இது மேல வந்துடுச்சுன்னா என்ன அர்த்தம்? வுட்டுடுங்கக்கா. அது வாங்கிக்கிட்டும்." சொல்லிவிட்டு, காபி வேண்டாம் என்று, குக்கர் வைத்துவிட்டு வந்திருக்கிறேன் என்று போய்விட்டாள். இதைச் சொல்ல நாக்கு எப்படிக் கூசாமல் இருக்கிறது. கதவைச் சாத்திவிட்டு வந்து நாற்காலியில் ஏறினேன். மொண்டேன். ஊற்றவில்லை.

ஊற்றவில்லை என்றால், கை அப்படியே நின்றுவிட்டது. வாங்கிக்கிட்டும். சும்மா பேச்சு, அவளுக்கு எதற்கெடுத்தாலும் ஒரு ஓரகத்தி வீட்டுக் கதை. இவர் கேட்டால் சிரிப்பார். ஆனால் அவர் சிரிப்பதும் அவர் பிழைத்து வந்தால்தானே. இந்த நினைப்பு வந்ததும் மக்கைத் தொட்டி விளிம்பில் வைத்தேன். ஒருவேளை. ஒருவேளை என்றுதான் நினைத்தேன், அதற்குமேல் நினைக்கவில்லை. நான் ஒன்றும் கொல்லப்போவதில்லை. ஊற்றாமல் இருக்கப்போகிறேன், அவ்வளவுதான். மனுஷிக்குக் கை வலிக்காதா. கை வலித்தது, உட்கார்ந்தாள், மீன் போய்விட்டது, யார் கேட்பார்கள், ஹேமா கேட்பாளா, அவளே பாவம் அம்மா என்பாள். இறங்கி அதே நாற்காலியில் உட்கார்ந்தேன். என் முகத்துக்கு நேரே துரை. அதற்கு என்னைத் தெரியுமா தெரியாதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இவர் வந்தால் அந்தப் பக்கத்திலிருந்து திரும்பி வரும், நான் வந்தால் வராது, இந்த ஒரு வாரமாக ஆஸ்பத்திரிக்குப் போகுமுன்னும் வந்தபின்னும் இறால் போட்டவள் நான், என்றாலும் வராது. திமிர் பிடித்த மீன். ஒரு மீன் போனால் ஒரு மனுஷன் கிடைப்பான் என்றால் எந்தப் பெண்பிள்ளைதான் யோசிப்பாள்? ஊரில் ஆட்டையும் கோழியையும் வேண்டிக்கொண்டு வெட்டுகிறார்களே, நானும் தின்றிருக்கிறேனே. அது வேறு. எப்படி வேறு? அது வேண்டுதல், சொல்லிச் செய்வது, இது கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து பார்ப்பது. சரி, அவர் கண் விழித்து முதலில் என்ன கேட்பார்? வாயிலிருந்து குழாயை எடுத்ததும் என்ன கேட்பார்? அதைத்தான் கேட்பார். அப்போது நான் அந்தக் கண்ணைப் பார்த்து உங்களுக்காகத்தான் விட்டேன் என்றா சொல்வது? சொன்னால் அந்த மனுஷன் என் முகத்தில் முழிப்பாரா? முழிக்காவிட்டால் போகட்டும், உயிரோடு இருந்து முழிக்காமல் இருக்கட்டும். இப்படி நினைத்ததும் எனக்கு நெஞ்சை அடைத்தது. இருமல் வந்தது. இருமினால் நிற்கவில்லை.

அப்போதுதான் பார்க்கிறேன், ஹாலில் எதிர்ச் சுவர் தெரியவில்லை. கொசு வரும் என்று விளக்கு வைப்பதற்கு முன்னாலேயே ஜன்னல் எல்லாம் சாத்தியாகிவிட்டது, சாம்பிராணிப் புகை வெளியே போக வழியில்லாமல் அப்படியே நிற்கிறது. கண் எரிந்துகொண்டுதான் இருந்தது, அழுகை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சாமிக்கு முன்னால் தூபக்கால் இன்னும் புகைகிறது, குங்கிலியம் தூவினால் லேசில் அணையாது. புகை நேராக மேலே போகிறது, முருகன் படம் வரைக்கும் போகிறது, அங்கே வளைகிறது. காற்றே இல்லாத வீட்டில் புகை எதற்கு வளைகிறது? வலது பக்கம் வளைந்து, மெலிந்து, நூல் மாதிரி, மோட்டாருக்கு அடியில் போய் மறைகிறது. இரண்டு மோட்டாருக்கும் இரண்டு நூல். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறேன். உள்ளே போகிற புகை எங்கே போகும், குழாய்க்குப் போகும், குழாயிலிருந்து கல்லுக்கு, கல்லிலிருந்து கொத்துக்கொத்தாகக் குமிழிக்கு. அடக் கடவுளே, நான் அதற்குக் காற்றா கொடுத்துக்கொண்டிருந்தேன்? ஒரு மோட்டார் புகை போதாது என்று இரண்டாவது மோட்டார் புகை. அதுவும் போதாது என்று, மேலே நிற்கிற புகையைத் தண்ணீரோடு கலக்கி உயரத்திலிருந்து மக் மக்காக.

போன வெள்ளிக்கிழமை ஆகவில்லையே, அதற்கு முன்னே இத்தனை வருஷ வெள்ளிக்கிழமை ஒன்றுமே ஆகவில்லையே என்று நினைக்கிறேன், நினைக்கும்போதே தெரிந்துவிடுகிறது. போன வெள்ளி நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன், விளக்கே வைக்கவில்லை. அதற்கு முன்னே எல்லா வெள்ளியும் இவர் வீட்டில் இருந்தார். நான் தூபக்காலைக் கையில் எடுத்ததும் இவர் டி.வி.யை விட்டு எழுந்து வருவார், ஒரு வார்த்தை பேசமாட்டார், மோட்டார் சுவிட்சை அணைப்பார். வீடே அமைதியாகிவிடும். அந்த உறுமல் நின்றபிறகு என் மணிச் சத்தம் மட்டும் கேட்கும். ஜன்னலைக்கூடத் திறந்து வைத்துவிட்டு ஓரமாக நிற்பார். நான் என்ன நினைத்தேன்? கும்பிடாத மனுஷன், கோயில் வாசலில் செருப்புக்குக் காவல் நிற்கிற மனுஷன், பெண்டாட்டி சாமி கும்பிடுகிற நேரத்துக்கு மட்டும் ஒரு மரியாதை, இரைச்சல் இருக்கக்கூடாது என்று நினைத்தேன். கேட்டால் கூச்சப்படுவார் என்று கேட்கவில்லை. என் தங்கச்சியிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். "வாயில சொல்லமாட்டாருடி, ஆனா மனசுல இருக்கு" என்று. அவள் அதைச் சொல்லிக்காட்டித் தன் புருஷனைத் திட்டியிருக்கிறாள். எல்லாம் மீனுக்காக! முருகனுக்கும் இல்லை, எனக்கும் இல்லை, இந்த வாயைப் பிளக்கிற துரைக்காக. ஒரு வார்த்தை சொல்வதற்கென்ன கேடு? "சுகுணா, புகை மோட்டாருக்குள்ள போகும்" என்று சொன்னால் எனக்குப் புரியாதா, நான் என்ன அவ்வளவு மக்கா? சொல்லியிருந்தால் இன்றைக்கு நான் இப்படி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, ஒரு உயிரைக் கொடுத்து ஒரு உயிரை வாங்கலாமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பேனா?

எனக்கு வந்த கோபத்தில் இரண்டு பிளக்கையும் பிடுங்கினேன். தூபக்காலைக் கொண்டுபோய்க் குளியலறையில் வைத்துத் தண்ணீர் ஊற்றினேன், சாமி மன்னிக்கட்டும், மன்னிக்காவிட்டால் போகட்டும். எல்லா ஜன்னலையும் திறந்தேன், பால்கனிக் கதவைத் திறந்தேன், கொசு வரட்டும், கொசுவுக்கென்ன, அதுவும் வந்து என்னைத்தானே கடிக்கும். மேலே மின்னுகிற எண்ணெய்ப் படலத்தை எடுக்க இவர் பழைய பேப்பரைத் தண்ணீர் மேல் விரித்து இழுப்பாரே, அது ஞாபகம் வந்தது, இன்றைய பேப்பரையே விரித்து இழுத்தேன், கறுப்பாக வந்தது, இன்னொரு தாள், இன்னொரு தாள். தொட்டியிலிருந்து பாதிக்குக் குறைவாக மொண்டு வெளியே கொட்டிவிட்டு, பால்கனி டிரம்மில் இவர் கடைசியாகப் பிடித்து வைத்துவிட்டுப் போன தண்ணீரைப் பக்கெட்டில் தூக்கிக்கொண்டு வந்தேன். கனம். இந்தக் கனத்தையா வாரா வாரம் தூக்கினார், இந்த வயசில், அறிவிருக்கிறதா. மெதுவாக ஊற்றினேன். மோட்டாரைப் பலகையிலிருந்து கழற்றி ஜன்னல் திட்டில் வெளிக்காற்று படுகிற இடத்தில் வைத்தேன், குழாய் எட்டியது. போட்டேன். குமிழி வந்தது. துரையைப் பார்த்துச் சொன்னேன், வாய்விட்டேதான் சொன்னேன், "நீ ஒண்ணும் வாங்கிக்க வேணாம். அவருக்கு வந்தத அவரு பாத்துப்பாரு, டாக்டரு பாத்துப்பாரு, நான் பாத்துக்கறேன். நீ உன் வேலையப் பாரு." பயம் போகவில்லை. அந்தக் கணக்குப்படி செய்யாமல் விட்டதால் நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயம் அப்படியே நிற்கிறது. அது இருக்கட்டும். அதற்காக இதைச் சாக விடமுடியாது. நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். செவுள் விரிவது கொஞ்சம் அடங்கியது. கொஞ்சம்தான். அப்புறம் மூக்கை மூலையிலிருந்து எடுத்து, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், ஒரு சாண் கீழே இறங்கியது.

போனை எடுத்தேன். டாக்டர் சொன்னது ஞாபகம் இருந்தது, ஆனாலும் எடுத்தேன். "வெள்ளிக்கிழமை நான் சாம்பிராணி போடறப்ப மோட்டார நிறுத்துவீங்களே, எதுக்கு?" "போட்டியா?" என்றார். "போட்டேன்." "மோட்டாரு?" "ஓடிச்சு. ரெண்டும் ஓடிச்சு." "ஐயையோ, மேல வந்துட்டானா?" "வந்தான். இப்ப எறங்கிட்டான். தண்ணி மாத்திட்டேன், ஜன்னலத் தொறந்துட்டேன், எல்லாம் பண்ணிட்டேன், எனக்கும் தெரியும். நான் கேட்டதுக்கு பதில் சொல்லுங்க. இத்தினி வருசமா எங்கிட்ட ஏன் ஒரு வார்த்த சொல்லல?" மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. மூச்சு இழுத்து, நின்று, அப்புறம் விடுகிற சத்தம். "சொன்னா நீ சாம்பிராணிய விட்டுடுவ" என்றார். "விட்டா விட்டுட்டுப் போறேன், உங்களுக்கென்ன, உங்களுக்குத்தான் சாமியே கெடையாதே." "சாமி கெடக்கு. ஒர்க்ஷாப்ல நாள்பூரா வெல்டிங் பொகை. வீட்டுக்கு வந்து ஒக்காந்தா வெள்ளிக்கிழம அந்த வாசன வரும். எனக்குப் புடிக்கும்." ஜன்னல் வழியாகக் கொசு வந்து காலைக் கடித்தது, அதை அடிக்கக்கூட முடியவில்லை. "எனக்குப் பயமா இருக்குங்க" என்றேன். இதுவரை யாரிடமும் சொல்லவில்லை, ஹேமாவிடமும் சொல்லவில்லை. "எனக்கும்தான்" என்றார். அப்புறம், "வெச்சுடாத. அப்படியே பேசிக்கிட்டிரு" என்றார். "என்ன பேசறது?" "எதையாச்சும். திட்டு. ஒரு வாரமா நீ என்னத் திட்டவே இல்ல, அதான் எனக்கு ஒரு மாதிரியா இருக்கு."

நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டேன். பக்கெட் தூக்கினதில் ஆரம்பித்தேன், நெஞ்சு வலியை வாயு என்றதற்கு வந்தேன், பேசாமல் பேசாமல் இருந்தே ஆளைக் கொல்கிற அந்த அழுத்தத்துக்கு வந்தேன், நர்ஸ் வந்து போனைப் பிடுங்குகிற வரைக்கும் திட்டினேன்.